இருபது மில்லிமீட்டர்

கைப்பிடியை அரைச் சுற்று திருப்பிய பிறகுதான்
உளிக்குச் செய்தி போய்ச் சேர்கிறது.
கழற்றிப் பார்த்தேன்.
குறுக்குத் திருகு நன்றாகத்தான் இருந்தது,
அதைப் பிடித்திருந்த மரையின் புரிகள்
சவரத் தகடாய் மெலிந்திருந்தன.

லீபாயாவில் ஒரு தொழிற்பள்ளி கழித்துக் கட்டிய கடைசல் எந்திரம்,
டிராம் ஓட்டும் நான்
இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து இழுத்து வந்தது.
மரை கழன்றவன் என்றாள் அன்றைக்கு ஸ்கைத்ரீதே.
இன்றைக்கு மறுத்துப் பேச வழியில்லை,
உள்ளங்கையில் கிடக்கிறது அத்தாட்சி.

சனவரி. கொட்டகைக்குள் மைனஸ் பதினொன்று.
இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினேன்.

எஃகு வேண்டிய மட்டும் உண்டு, காசில்லாமல்.
ஆனால் திருகும் எஃகு.
பங்காளிகளை ஒரே வீட்டில் வைத்த கதைதான்,
எண்ணெய் கொஞ்சம் வற்றினால் போதும்,
ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு
சம்மட்டிக்கும் மசியாது.

சன்னல் சட்டத்து அலுமினியம்
வெட்ட வெட்ட உளி நுனியில் அப்பிக்கொண்டது.
பித்தளை என்று நம்பி வைத்திருந்த கதவுப்பிடியில்
காந்தம் போய் டக்கென்று ஒட்டியது.
பதினைந்து வருடம்
அதைப் பித்தளை என்றே துடைத்து வந்திருக்கிறேன்.

துறைமுகத்துப் பழைய இரும்புக்காரன் ஆர்வீட்ஸிடம்
வெண்கலம் இருந்தது.
மீன்படகின் உந்துதண்டைத் தாங்கிய உருளை,
உள்ளே தண்டு சுழன்று சுழன்று
கண்ணாடி போலாக்கிய பளபளப்பு.
நாற்பது யூரோ என்றான்.
பதினைந்து என்றேன்.
சட்டைப்பையைத் தடவி
சிகரெட்டைத் தேடத் தொடங்கிவிட்டான்.

போன குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்தேன்.
பல்சக்கரத் தொடரில் ஒரு பித்தளை ஊசி
மூன்று தடவை முறிந்தது.
நாலாம் தடவை எரிச்சலில்
துளைப்பூசியின் தண்டை அறுத்துச் செருகினேன்.
அது முறியவே இல்லை.
உளி சிக்கிய ஒரு மாலையில்
சக்கரத்தில் மூன்று பல் பறந்தது,
ஒன்று கூரைத் தகட்டில் இன்னும் குத்தி நிற்கிறது.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்,
ஒரு வாரம் நான் யாரிடமும் பேசவில்லை.

அதனால் இந்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.
எது தேய்ந்தால் எனக்குத் தாங்கும்?
திருகு தேய்ந்தால் எந்திரமே இல்லை.
மரை தேய்ந்தால் ஒரு ஞாயிறு.

அடுப்படிக்குப் போனேன்.
அவள் டிராம் நிலையத்தில் இரவுப் பணியில் இருந்தாள்.
வெள்ளைப் பாலித்தீன் வெட்டுப்பலகை,
தடிப்பு இருபது,
மூலையில் கத்திக் கோடுகள் அதிகம் இல்லாத இடம்.

இரண்டு துண்டு அறுத்து
நடுவில் திருகைப் படுக்க வைத்து
ஊதுவிளக்கால் திருகை மெல்லச் சுட்டேன்,
நீலம் பாயுமுன் நிறுத்தி
இடுக்கியை ஒரு சுற்று, பொறுத்து, இன்னொரு சுற்று.
பாலித்தீன் இளகித் தானே புரிக்குள் இறங்கியது.
கொட்டகை முழுக்க
புகையில் வாட்டிய காட் மீன் வாசனை.
பலகைக்குள் எத்தனை கிறிஸ்துமஸ் ஊறியிருந்ததோ,
வாயில் எச்சில் ஊற நின்றேன்.

ஆறிய பின் கைப்பிடியைத் தொட்டேன்.
விரல் அசைந்ததும் உளி அசைந்தது.
ஆறு மாதம் உழைக்கும், அல்லது மார்ச் வரை.
பிறகு இதே வேலை.

ஸ்கைத்ரீதே எதுவும் கேட்கவில்லை.
மூலை போன பலகையில்
ஒரு வாரம் வெங்காயம் அரிந்தாள்,
துண்டுகள் அந்த வெட்டு வழியே தரையில் விழ விழ
குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

சனிக்கிழமை கடைக்குப் போய் வந்தவள்
இரண்டு பலகை எடுத்து வைத்தாள்.
சிவப்பு ஒன்று, ஒல்லி, அடுப்படிக்கு.
வெள்ளை ஒன்று, கனமாக.
கைப்பையிலிருந்து
நான் மூன்று நாளாகத் தேடிய வெர்னியரை எடுத்து
மேசையில் வைத்தாள்.

"இருபத்தைந்துதான் இருக்கு என்றான்.
உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன்."